நாய் கடித்த கோழிக்கு நாட்டாமை எதற்கு?

கேள்வி: கோவில்பட்டியை அடுத்த ஒரு கிராமத்தில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் கன்னி இனத்து நாய் ஒன்று வளர்கிறது, இரண்டு வயது. போன மாதம் பக்கத்து வீட்டுக் கோழிகள் மூன்றைக் கடித்துக் கொன்றுவிட்டது. அதில் ஒன்று அடையில் இருந்த கோழி. கோழிக்கு 5,000 ரூபாய் வீதம் வாங்கித் தருவதாக அவர்களிடமும், அதை 3,000 ஆகக் குறைத்துத் தருவதாக எங்களிடமும் ஒரே ஆள் பேசிக்கொண்டிருக்கிறார். நாயின் கோரைப்பல்லை அராவிவிட்டால் போதும் என்கிறார் ஒருவர். பழக்கித் தருகிறேன், 12,000 ரூபாய் ஆகும் என்கிறார் இன்னொருவர். பேசாமல் தொலைவில் எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று கேட்கிறார் என் கணவர். என்ன செய்வது?

பதில்: நடுவில் நிற்கும் அந்த ஆளை முதலில் அனுப்பிவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

முப்பது ஆண்டுகளாகக் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். நாய் கோழியைக் கடித்ததால் இரண்டு வீடுகள் பேசாமல் போனதைவிட, அதைத் தீர்த்து வைக்க வந்தவரால் பேசாமல் போனதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்கள் கடிதத்திலேயே கணக்கு இருக்கிறது. அங்கே ஐயாயிரம், இங்கே மூவாயிரம். மிச்ச இரண்டாயிரத்தைத் தன் கையிலிருந்தா போடப் போகிறார்?

அடுத்து ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். உங்கள் நாய் கடித்ததைக் கண்ணால் பார்த்தவர் யார்? ஒருமுறை ஓர் அம்மாள் சாக்குப்பையில் நான்கு கோழிகளைக் கொண்டுவந்து என் மேசைமேல் கொட்டினார். பின்னாலேயே எதிர்வீட்டுக்காரர் தன் நாயைச் சங்கிலியோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். குற்றவாளியோ சாக்கைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. இறகை நனைத்து விலக்கிப் பார்த்தேன். முதுகிலும் தொடையிலும் ஒரு கீறல்கூட இல்லை. தலைக்குச் சற்றுக் கீழே, கழுத்தில், இரண்டிரண்டாகச் சிறு துளைகள். இரண்டு துளைகளுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் அடங்கவில்லை. நாயின் கோரைப்பற்கள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதில்லை. அது கீரி அல்லது மரநாயின் வேலை. கூட்டின் பின்பக்கப் பலகை பெயர்ந்திருப்பதை அந்த அம்மாள் அன்று மாலைதான் பார்த்தார்.

நாய் கடித்தால் அடையாளம் வேறு. முதுகும் தொடையும் நைந்திருக்கும். தோலை உரித்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கும். இறகு முற்றம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். பெரும்பாலும் தின்றிருக்காது, போட்டுவிட்டுப் போயிருக்கும். பூனையும் பருந்தும் குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விடும், மிச்சம் வைக்காது. இனி ஒரு கோழி செத்தால் புதைப்பதற்கு முன் இறகை விலக்கிப் பாருங்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துவையுங்கள்.

உங்கள் கடிதத்தின் தொனியைப் பார்த்தால் நேரில் பார்த்திருக்கிறீர்கள் என்றே தோன்றுகிறது. அப்படியானால் ஈடு கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதில் வாதமே இல்லை. எவ்வளவு என்பதுதான் கேள்வி. உள்ளூர்ச் சந்தையில் நாட்டுக்கோழி உயிர் எடைக்குக் கிலோ என்ன விலை போகிறது என்று நீங்களே விசாரியுங்கள். சிறுவிடை எனும் சிறிய நாட்டுக்கோழி ரகத்துப் பெட்டை ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அரிது. அடைக்கோழிக்கு மட்டும் கூடுதலாகக் கொடுங்கள். 21 நாள் அடையில் எத்தனையாவது நாள், அடியில் எத்தனை முட்டை என்பது பக்கத்து வீட்டு அம்மாவுக்கு விரல்நுனியில் இருக்கும். அவர் சொல்லும் எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். பணத்தைவிடக் கோழிக்குக் கோழியாகக் கொடுப்பது இன்னும் நல்லது. முட்டையிடத் தொடங்கிய பெட்டை மூன்று வாங்கிக் கொடுத்தால் கணக்கு முடிந்துவிடும், மனமும் ஆறும். இந்தத் தரகர்கள் விலை பேசும்போது குப்பையில் கொத்திக்கொண்டிருந்த கோழியெல்லாம் திடீரென்று பெருவிடை எனும் பெரிய ரகமாகிவிடும். செத்த சேவல் ஒவ்வொன்றும் சண்டைக் களத்தில் நின்ற சேவல்தான்.

காவல் நிலையத்துக்குப் போவேன், உள்ளே தள்ளுவேன் என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். நாயைக் கவனமின்றி வைத்திருப்பது பற்றிய பாரதிய நியாய சன்ஹிதா எனும் தண்டனைச் சட்டத்தின் 291ஆம் பிரிவு, மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வருவதைப் பற்றியது. 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். நீங்கள் ஏவிவிடாத நாய் கோழியைக் கடித்தது நஷ்டஈட்டு விவகாரம், அவ்வளவுதான். மாறாக, கோபத்தில் யாராவது உங்கள் நாய்க்குக் கறித்துண்டில் விஷம் வைத்தால், அதே சட்டத்தின் 325ஆம் பிரிவின்படி அதற்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு. அந்தக் கறியை உங்கள் நாய் மட்டும்தான் தின்னும் என்று கறிக்குத் தெரியாது. காக்கையும் தின்னும், அவர்கள் வீட்டுக் கோழியும் கொத்தும்.

கணவரிடம் சொல்லுங்கள், கொண்டுபோய் விடுவதும் குற்றம்தான். பசியிலும் தாகத்திலும் வாட விட்டு விலங்கைக் கைவிடக் கூடாது என்று 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. சட்டம் வந்து அறுபது ஆண்டுகள் தாண்டியும் அந்தத் தொகை அப்படியே நிற்கிறது. இரண்டு பேர் தேநீர் குடித்து வடை தின்றால் அதைவிட அதிகமாகிறது. அபராதத்துக்காக இல்லை, வேறொரு காரணத்துக்காகச் சொல்கிறேன்: நீங்கள் விடும் இடத்திலும் யாரோ கோழி வளர்ப்பார்கள்.

பல்லை அராவுவதா? கூடவே கூடாது. பல்லுக்குள் நரம்பும் ரத்தமும் இருக்கிறது. அராவினால் சீழ் பிடித்து, நாய் சோற்றைக் கண்டு அழும். அப்போதும் கோழியைக் கொல்லும். கோழியைக் கொல்லக் கூர்மையான பல் வேண்டியதில்லை, கவ்வி இரண்டு உதறு உதறினால் போதும். செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிடுவதும் இதே ரகம். ஒரு மணி நேரம் கழித்து அடிப்பதும் அப்படித்தான். எதற்கு அடி வாங்குகிறோம் என்று நாய்க்குப் புரியாது. உங்களைக் கண்டால் பதுங்கும், கோழியைக் கண்டால் ஓடும்.

பன்னிரண்டாயிரம் கேட்கும் பயிற்சியாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “கழுத்தில் கரண்ட் பட்டை கட்டுவீர்களா?” மழுப்பினால் வாசலைக் காட்டுங்கள். பதினைந்து நாள் அவர் கொட்டகையில் இருந்துவிட்டு வரும் நாய் அவருக்கு அடங்கும். உங்கள் கொல்லைப்புறத்தில், அவர் இல்லாதபோது, கோழி குறுக்கே ஓடினால் என்ன செய்யும் என்பதற்கு எவரும் ரசீது தர மாட்டார்கள்.

உங்களுடையது கன்னி. கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்து விரட்டிப் பிடிக்கத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்ட வேட்டைநாய் இனங்கள். முயல் ஓட வேண்டும், இது பிடிக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த ஒல்லி உடம்பும் நீண்ட காலும். கோழி நின்று கொத்திக்கொண்டிருக்கும்வரை பாதி நாட்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. படபடத்து ஓடும் நொடியில்தான் அது இரையாகிறது. ‘ரத்த ருசி கண்டுவிட்டது, இனி விடாது’ என்பார்கள். விடாது என்பது சரி, காரணம் ரத்தமல்ல. துரத்தியதில் கிடைத்த கொண்டாட்டம் அது. ஒவ்வொரு துரத்தலிலும் அந்தப் பழக்கம் ஆழமாகும். ஆகவே இனி ஒருமுறைகூடத் துரத்த வாய்ப்பில்லாமல் செய்வதுதான் வைத்தியம். அதன் குணத்தை மாற்றித் தருகிறேன் என்று பணம் வாங்குபவர் பொய் சொல்கிறார்.

உடனே ஒருவர் வருவார்: “எங்கள் வீட்டு நாய் கோழியோடுதானே படுத்துத் தூங்குகிறது!” இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நம்பித்தான் பலர் கோழியை இழக்கிறார்கள். உண்மைதான். கண் திறந்து சில வாரங்களிலேயே கோழிகளுக்கு நடுவில் வளர்ந்து, தாய்க்கோழியிடம் மூக்கில் இரண்டு கொத்து வாங்கிய குட்டி, பெரியதானதும் அந்தக் கோழிகளைத் தொடாது. ஆனால் ‘அந்தக் கோழிகள்’ என்பதைக் கவனியுங்கள். வாசனையும் நடையும் பழகிய தன் வீட்டுக் கோழிகள். மதில் தாண்டி வரும் பக்கத்து வீட்டுச் சேவல் அந்தக் கணக்கில் சேராது. அதே நாய் தனியாக இருக்கும்போது சாது, தெருவில் இன்னொரு நாயோடு சேர்ந்தால் வேறு பிறவி. இரண்டு நாய்கள் ஓடத் தொடங்கினால் ஒன்றுக்கொன்று போட்டிதான். உங்கள் நாய்க்கோ இரண்டு வயது முடிந்துவிட்டது. அதை இப்போது கோழிகளுக்கு நடுவில் விட்டுப் பழக்க நினைக்காதீர்கள். செலவு கோழியுடையது.

இனி செய்ய வேண்டியது. கோழிகள் ஏன் உங்கள் பக்கம் வருகின்றன என்று பாருங்கள். பாத்திரம் கழுவும் இடத்தில் சோற்றுப் பருக்கை கிடக்கிறதா? அதுதான் அழைப்பு. கழுவிய தண்ணீரை வடிகட்டி, பருக்கையை அள்ளிப் பக்கத்து வீட்டுக்கே கொடுத்துவிடுங்கள்.

வேலிக்குக் கடையில் கேட்டால் ‘கோழி வலை’ என்று அறுகோணக் கண் வைத்த மெல்லிய கம்பி வலையை எடுத்துப் போடுவார்கள். அது கோழியை உள்ளே வைக்கும், நாயை வெளியே வைக்காது. ஆள் உயரத்துக்கு, சிறிய கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை, வாங்குங்கள். நாய் வேலியை ஏறித் தாண்டுவதைவிட அடியில் தோண்டுவதே அதிகம். மெஷ்ஷின் அடிப்பகுதியில் ஒன்றரை அடியை உங்கள் பக்கம், அதாவது நாய் நிற்கும் பக்கம், தரையோடு மடித்துப் போட்டு மேலே கல் அடுக்குங்கள். தோண்ட வரும் நாய் வேலியோரத்தில்தான் கால் வைக்கும். அங்கே கம்பி தட்டுப்பட்டால் விட்டுவிடும், ஓரடி பின்னால் போய்த் தோண்டும் யோசனை அதற்கு வராது. செலவைப் பாதியாகப் பிரித்துக்கொள்ள அவர்கள் சம்மதித்தால் நல்லது. இல்லையென்றாலும் போடுங்கள்.

நாட்டுக்கோழி பறக்கும் என்பது நினைவிருக்கட்டும். ஒரு பக்க இறக்கையில் மட்டும், நுனியிலுள்ள நீண்ட இறகுகளை வெட்டச் சொல்லுங்கள். சமநிலை தப்பி மதில் ஏறாது. இரண்டு பக்கமும் வெட்டினால் மறுபடி தத்திப் பறக்கப் பழகிக்கொள்ளும். குஞ்சுகளைப் பஞ்சாரக் கூடையில் கவிழ்த்தால் காக்கைக்கும் பருந்துக்கும் காவல், நாய்க்கு அது ஒரு பந்து. மேலே கல் வைத்தாலும் போதாது.

பிறகு நேரம். கோழி திறந்துவிட்டால் வெளியே போகும், இருட்டும் முன் தானே வந்து அடையும். நாய்க்கும் இப்படியொரு நேரம் வையுங்கள். கோழி திறக்கும் முன் அதிகாலையில் ஒருமுறை, அடைந்த பிறகு ஒருமுறை, நீளக்கயிற்றில் நன்றாக ஓடவிட்டு வாருங்கள். கன்னிக்கு வாசல்வரை போய்வரும் நடை காணாது. நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டிப்போடுவதும், கட்டியே வைத்து நடமாட விடாமலிருப்பதும் நான் சொன்ன அதே 1960 சட்டப்படி குற்றம். கட்டிக் கிடந்து கிடந்து ஒருநாள் அவிழ்ந்த நாய்தான் ஒரே மூச்சில் ஏழு கோழியைக் கொல்லும்.

கோழி நாயின் வாயில் இருக்கும்போது கையை நுழைக்காதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் வீசுங்கள். கடி பட்டுவிட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ‘நம் வீட்டு நாய்தானே’ என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதிலும் ஓர் ஏமாற்று உண்டு. ஊசியைச் சட்டைப்பையில் வைத்து வெயிலில் பைக்கில் வருகிறவர், அட்டையில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுப் போவார். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுக்கிறாரா, குப்பியின் ஒட்டுத்தாளை அட்டையில் ஒட்டுகிறாரா என்று பாருங்கள். ஒட்டுத்தாள் இல்லாத அட்டை வெறும் அட்டை.

கோழியின் கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கடுகு ஒட்டியதுபோல் கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது தெள்ளு. அதே பூச்சி உங்கள் நாயின் காது விளிம்பிலும் இருக்கலாம். இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் மருத்துவம் பார்க்க வேண்டும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கோழிமேல் தெளிக்காதீர்கள், முட்டை வழியாக அது உங்கள் தட்டுக்கே வரும்.

தெருநாய் கோழியைக் கடித்தால் யாரிடம் போவது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததே நல்லது. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் தெருநாய் கடித்துப் பட்டி பட்டியாக ஆடுகள் செத்து, விவசாயிகள் அவற்றைச் சாலையில் கிடத்தி மறியல் செய்த பிறகுதான் அதிகாரிகள் காதில் விழுந்தது. கோழிக்கு எவர் மறியல் செய்வார்? கறிக்கடைக் கழிவை மூட்டை கட்டிக் கண்மாய்க்கரையில் கொட்டுவதை உள்ளாட்சி பார்த்துக்கொண்டே இருக்கிறது. அங்கே பச்சை இறகும் குடலும் தின்று கூட்டம் சேரும் நாய்களுக்கு உங்கள் தெருக் கோழி என்ன, வேறு பொருளா?

இன்று மாலை கோழிகள் அடைந்த பிறகு பக்கத்து வீட்டுக்கு நேரில் போங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த நடுநிலையாளர் எதிரில் வந்தால், கடைக்குப் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.