எஃப்/22 வைத்தும் வண்டு முழுவதும் தெளிவாக விழவில்லையே, ஏன்?

கேள்வி: இறந்த வண்டுகளையும் ஈக்களையும் 1:1 மேக்ரோ லென்ஸில் படமெடுக்கிறேன். தலை தெளிவாக இருந்தால் முதுகு மங்குகிறது. லென்ஸின் ஒளித்துளையான அப்பர்ச்சரை எஃப்/22 வரை மூடினால் எல்லாமே லேசாக மங்கிவிடுகிறது. இனம் கண்டறிய ஒரு பூச்சியியலாளருக்கு இவற்றை அனுப்ப வேண்டும். லென்ஸில் கோளாறா? பல படங்களைச் சேர்த்து ஒரே படமாக்கினால் அறிவியலில் ஏற்றுக்கொள்வார்களா?

பதில்: லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் பார்ப்பது ஒளியின் விளிம்பு விளைவு. துளை சிறுக்கச் சிறுக்க, அதன் வழியே வரும் ஒளி அதிகமாகப் பரவுகிறது. மேக்ரோவில் இது இன்னும் மோசம். உருப்பெருக்கம் 1:1 ஆகும்போது, அதாவது பூச்சி தன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும்போது, லென்ஸில் எஃப்/22 என்று வைத்தால் உண்மையில் அது எஃப்/44 போல நடந்துகொள்ளும். பல கேமராக்கள் இந்த எண்ணைக் காட்டுவதில்லை. அந்த நிலையில் வண்டின் மேல் உள்ள ஒரு புள்ளி, சென்சாரில் ஏறக்குறைய 60 மைக்ரான் அகல வட்டமாக விழும். பிக்சல் 4 மைக்ரான் என்றால் 15 பிக்சல் அகலம். அதில் ஒரு மெல்லிய மயிர் எப்படித் தெரியும்? எஃப்/5.6-இல் அதே வட்டம் சுமார் 15 மைக்ரான்தான்.

ஆகவே துளையை மூடுவதை விட்டுவிடுங்கள். எஃப்/5.6-இல் வைத்து, ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக உள்ள பகுதியை மென்பொருளால் சேர்க்க வேண்டும். இதுதான் ஃபோகஸ் ஸ்டாக்கிங்.

எத்தனை படங்கள்? 1:1-இல் எஃப்/5.6 தரும் புல ஆழம், அதாவது ஒரே படத்தில் தெளிவாக விழும் ஆழம், சுமார் 0.4 மி.மீ. படங்கள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படிய வேண்டும் என்பதால் 0.25 மி.மீ. இடைவெளி வையுங்கள். 5 மி.மீ. உயரமுள்ள வண்டுக்கு 20 படங்கள், முன்னும் பின்னும் இரண்டிரண்டு கூடுதலாக. நுண்ணோக்கிக்குப் போனால் கணக்கே வேறு. 0.25 எண் துளை (ஒளியை வாங்கும் திறனைக் குறிக்கும் எண்) கொண்ட 10 மடங்கு பொருளருகு லென்ஸின் புல ஆழம் 9 மைக்ரான் அளவுதான். 2 மி.மீ. உயரத்துக்கே 200 படங்களைத் தாண்டும்.

கேமராவின் தானியங்கி ஃபோகஸ் வரிசையில் வரும் படி எண்கள் மி.மீ. கணக்கில் இருக்காது. அரை மி.மீ. கோடுகள் உள்ள அளவுகோலை 45 டிகிரி சாய்வாக வைத்து ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு படிக்கும் தெளிவான பகுதி எவ்வளவு நகர்கிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். 1:1 வரை ஃபோகஸ் வளையமே போதும். அதற்கு மேல் கேமராவை நகர்த்தும் தண்டவாளம் நல்லது. அப்புறம், ஒளி. பளபளக்கும் வண்டு முதுகில் ஃபிளாஷை நேராக அடித்தால், வெள்ளைப் பொட்டுக்குள் மேற்பரப்பின் குழிகளெல்லாம் மறைந்துபோகும். பூச்சியைச் சுற்றி மெல்லிய டிரேசிங் தாளை உருளையாக வைத்து, வெளியிலிருந்து ஒளி கொடுங்கள். ஒன்றும் அசையக் கூடாது. தரை அதிர்வே படத்தைக் கெடுத்துவிடும்.

இனி மென்பொருள். இங்கேதான் கவனம் அதிகம் தேவை. ஜெரீன் ஸ்டாக்கர், ஹெலிகான் ஃபோகஸ் போன்றவற்றில் முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பிரமிடு முறை. குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் மயிர்களை இது அருமையாகப் பிரித்துக் காட்டும். ஆனால் புள்ளி இரைச்சலைக் கூட்டும், நிறத்தையும் மாறுபாட்டையும் (கான்ட்ராஸ்ட்) சற்றே மாற்றும். இன்னொன்று ஆழ வரைபட முறை. நிறமும் வழவழப்பான பரப்பும் இதில் உள்ளபடி வரும். ஆனால் ஒரு கால் இன்னொன்றைத் தாண்டிப் போகும் இடத்தில் ஒளிவட்டம் போன்ற கறை விழும். ஈக்களுக்கு முதல் முறை, வழவழப்பான வண்டுகளுக்கு இரண்டாவது என்பது என் விருப்பம்.

எந்த முறையானாலும் பொய் உருவங்கள் வரலாம். படமெடுத்துக்கொண்டிருக்கும்போதே உணர்கொம்பு காய்ந்து லேசாக வளைந்தால் ஒரே மயிர் இரண்டாகத் தெரியும். படிகளில் ஒன்று விட்டுப்போனால் ஒரு கணு மங்கி, பக்கத்துக் கணுவோடு ஒட்டியது போலிருக்கும். அழகுப் படத்துக்கு இது பெரிய விஷயமில்லை. இனம் காண்பதில் இது ஆபத்து. ஈக்களை முதுகிலுள்ள முள்மயிர்களின் எண்ணிக்கையாலும் இடத்தாலும் பிரிக்கிறார்கள். டெனெப்ரியோனிடே குடும்பத்து வண்டுகளுக்கு முன் நான்கு பாதங்களில் ஐந்தைந்து கணுக்கள், பின் பாதங்களில் நான்கு என்பது ஒரு முக்கிய அடையாளம். ஒரு கணு தவறினால் குடும்பமே மாறிப்போகும். அதனால் எண்ண வேண்டியதை எப்போதும் சேர்ப்பதற்கு முந்தைய மூலப் படங்களில்தான் எண்ண வேண்டும்.

சரி, அறிவியலில் ஏற்பார்களா? தாராளமாக. இன விளக்கக் கட்டுரைகளில் இன்று இது வழக்கமான முறை. ஆனால் எப்படிச் செய்தது என்று சொல்லிவிட வேண்டும்: எத்தனை படங்கள், எந்த மென்பொருள், எந்த முறை. வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் படம் முழுவதற்கும் சமமாக மாற்றலாம். ஓர் இடத்தை மட்டும் தொட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கூர்மையாக்கிகளை இந்தப் படங்களுக்குப் பயன்படுத்தவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். அவை இல்லாத மயிரை வரைந்து வைக்கும். உங்களுக்கோ நிபுணருக்கோ அது தெரியவே தெரியாது.

படத்தில் அளவைக் காட்டப் போடும் அளவுக்கோட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது உருப்பெருக்கமும் மாறும். மென்பொருள் எந்தப் படத்தை அடிப்படையாக வைத்து மற்றவற்றின் அளவைச் சரிசெய்கிறதோ, அதே ஃபோகஸ் நிலையில் அளவுகோலையும் எடுத்துவிடுங்கள். இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் அதைக் கொண்டு அளவை நிர்ணயிக்கலாம். லென்ஸுக்கு அருகிலுள்ள பகுதி பெரிதாகவே தெரியும் என்பதால், உடல் நீளத்தை அளக்க வண்டைக் கிடைமட்டமாக வைத்துத் தனியாக ஒரு படம் எடுப்பதே நல்லது.

நிபுணருக்கு அனுப்பும்போது மேலிருந்து, பக்கவாட்டில், முகத்துக்கு நேராக, அடியிலிருந்து என நான்கு கோணங்கள் வேண்டும். சேர்த்த படத்தைச் சுருக்காத டிஃப் கோப்பாகவும், மூலப் படங்களைத் தனிக் கோப்புறையாகவும் அனுப்புங்கள். பிடித்த இடம், தேதி, எந்தச் செடியில் அல்லது எந்த மண்ணில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வண்டையும் பத்திரமாக வைத்திருங்கள். ஏதாவது ஒரு கணுவைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்கக்கூடும்.