தேயிலைத் தோட்டத்தின் பூச்சிமருந்து வைத்திருந்த பழைய மருந்து ஸ்டோர் இருந்த இடத்தில் 7 பேர்ச் காணி கிடைத்திருக்கிறது. மண்ணில் விஷம் இருக்குமா? வீடு கட்டலாமா?

பெரும்பாலும் கட்டலாம். ஆனால் மண் வெட்டும் பெக்கோ வந்து மண்ணைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுங்கள். நாங்கள் முதலில் வெட்டிவிட்டு அப்புறம் யோசித்தவர்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் தலவாக்கலைப் பக்கம். அப்பா வருசக்கணக்கில் மருந்தடித்தவர். பணிய லயத்துக்கும் ஓடைக்கும் நடுவில் இருந்த தகரக் கொட்டகைதான் மருந்து ஸ்டோர். அதை இடித்து, பக்கத்து மேட்டையும் சேர்த்து ஐந்து குடும்பங்களுக்குப் பிரித்தார்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கையில் இருந்ததால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. 2014இல் மீரியபெத்தை மண்சரிவைப் பார்த்த பிறகு அந்த அறிக்கைக்கு நம்மாட்கள் கொடுக்கிற மரியாதை நியாயமானதுதான். ஆனால் அது மலை இறங்குமா என்று சொல்லும். மண்ணுக்குள் என்ன ஊறிக் கிடக்கிறது என்று சொல்லாது.

பக்கத்துக் காணி மாமா மட்டும் ஒரு பை மண்ணைக் கொண்டுபோய்ச் சோதித்து வந்தார். தாளைப் பிரித்தால் பிஎச் 4.8, பொஸ்பரஸ், பொட்டாசியம், எத்தனை கிலோ டொலமைட் போட வேண்டும்! தேயிலை வைக்கப்போகிறவருக்கு நல்ல தாள். "மண் பரிசோதனை" என்று மட்டும் கேட்டால் இதுதான் கிடைக்கும். ஈயம், ஆர்செனிக், கட்மியம், செம்பு, அதோடு ஓர்கனோக்ளோரின் வகைப் பீடைகொல்லிகள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கடைசியது தனிச் சோதனை, காசும் கூட.

அதற்கும் முன்னால், காசே இல்லாத வேலை ஒன்று: பழைய ஆட்களிடம் விசாரிப்பது. அப்பாவிடம் நான் கேட்டது வெட்டி முடித்த பிறகுதான். "ஸ்டோருக்குள்ள என்னடா இருக்கும், சிமெந்துத் தரை. பீப்பா கழுவுன எடத்தப் பாத்தியா?" என்றார். கொட்டகைக்குப் பின்னால், பீலித் தண்ணீர் விழுகிற இடத்தில், ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம். அங்கே புல்லே ஒழுங்காக வராதாம். அந்த ஒரு பாயளவு மண்ணைத்தான் பெக்கோ வாரி ஐந்து காணிக்கும் சமமாகப் பரப்பிவிட்டுப் போயிருந்தது. சரிவில் ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் நிரப்புகிற நம் ஊரில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

ஸ்டோர் எந்தக் காலத்தது என்றும் கேளுங்கள். தேயிலைக் கொப்புள நோய் 1946இல் இங்கே வந்த பிறகு செம்பு மருந்து மலை மலையாக அடித்தார்கள். செம்பு அழியாது, மேல்மண்ணிலேயே தங்கும். 1950களில் கிளையைத் துளைக்கிற வண்டுக்கு டீல்ட்ரின் என்ற ஓர்கனோக்ளோரின் மருந்து வந்தது. இப்போது தடைசெய்யப்பட்டது, ஆனால் மண்ணில் பல வருசம் கிடக்கும், உடம்புக் கொழுப்பில் சேரும், தாய்ப்பாலிலும் வரும். இரண்டில் செம்பைக் கண்டு பதற வேண்டாம், அது மனிதரை விட மண்புழுவையும் பயிரையும் முதலில் பதம் பார்க்கும்.

விஷம் இருப்பதும் அது உங்கள் உடம்புக்குள் வருவதும் வேறு வேறு. நடுவில் ஒரு வழி வேண்டும். வெறும் மண்ணில் தவழ்ந்து கையை வாயில் வைக்கிற பிள்ளைதான் முதல் வழி. ஆறு வயதுக்குக் கீழான பிள்ளை நாளைக்கு 200 மில்லிகிராம் மண் வரை விழுங்கும் என்று வைத்துத்தான் அமெரிக்காவில் கணக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். சிட்டிகை கூட இல்லை, ஆனால் தினமும். குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கான எச்சரிக்கை அளவை அவர்கள் 2024இல் கிலோவுக்கு 400 மில்லிகிராமிலிருந்து 200ஆகக் குறைத்ததும் பிள்ளைகளை நினைத்துத்தான். உங்கள் தாளில் 300 என்று வந்து "பிரச்சினை இல்லை" என்று எழுதியிருந்தால், எந்த அளவோடு ஒப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். அடுத்த வழி கீழே இருக்கிற ஊற்று. இன்னொன்று தோட்டம்: வெள்ளரி, பூசணிக் குடும்பம் டீல்ட்ரினை வேரால் உறிஞ்சிக் காய்க்கு ஏற்றும்.

மண் எடுக்கும்போது நாலு இடத்து மண்ணைக் கலந்து ஒரே பையில் போடாதீர்கள். கழுவிய இடம், ஸ்டோர் வாசல், தண்ணீர் வடிகிற கான், ஒவ்வொன்றும் தனி. மேலே ஆறு அங்குலம் வரை ஒன்று, இரண்டடி ஆழத்தில் ஒன்று. ஸ்டோருக்கு மேலே, தூரத்து மலையிலிருந்தும் ஒன்று வேண்டும். தேயிலை மண்ணில் செம்பு எங்கும் இருக்கும், ஒப்பிட ஆள் வேண்டுமே. ஒவ்வொரு குழிக்கும் மண்வெட்டியைக் கழுவுங்கள். பீடைகொல்லிச் சோதனைக்குக் கண்ணாடிப் போத்தல்தான், பிளாஸ்டிக் பை வேண்டாம்.

கெட்ட இடம் சின்னதாக இருந்தால் அங்கே குசினியையோ சிமெந்து முற்றத்தையோ கொண்டுவந்து மூடிவிடலாம். மூடினால் வழி அடைபடும். மண்ணை அள்ளுவதென்றால் எங்கே கொட்டுவது என்று மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் கேட்டுவிட்டு அள்ளுங்கள், ஓடைக்கரையில் கொட்டினால் கீழ் லயத்துக்காரர் குடிப்பார்கள்.

எங்களுடையது பரவிவிட்டதால் அப்படி மூட முடியவில்லை. முற்றம் முழுக்க ஒரு அடிக்கு வேறு மண் ஏற்றினோம், வீட்டுச் செலவோடு அதுவும் ஒரு தனிச் செலவாகிவிட்டது. அம்மா வெள்ளரியை உரப் பையில்தான் வைக்கிறார், மண் மேமலையிலிருந்து அப்பா சுமந்து வந்தது.