மழையில் பக்கக் கண்ணாடிச் சூட்டைப் போடலாமா?

ஊரிலிருந்து வந்து நான்கு மாதமான தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வாடகைக்கு எடுத்த காரில் கட்டத்துக்குள் மூன்று வளைந்த கோடு போட்ட பொத்தான் இருக்கிறதாம். பின்னால் வருவதைப் பார்க்கிற பக்கக் கண்ணாடியையும் அது சூடாக்கும் என்று யாரோ சொன்னார்களாம். பனி கொட்டுகிற நாட்டுக்கான சமாச்சாரம்தானே, சிங்கப்பூர் மழையில் போட்டால் பேட்டரி இறங்கிவிடாதா என்பது கேள்வி. கூடவே சொந்தக் கார் வாங்கலாமா, எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம் என்று இரண்டு.

கார் வாங்குவதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள் தம்பி. 10 வருடம் வண்டி வைத்துக்கொள்ள உரிமை தருகிற சிஓஇக்குப் போடும் காசில் ஊரில் மாடி வீடு கட்டலாம். சித்தப்பாவுக்குப் படம் அனுப்புவதற்காகவே கார் எடுத்துவிட்டு, பார்க்கிங் காசுக்கு முழிக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். வீட்டைப் பற்றி என் மனைவியைத்தான் கேட்க வேண்டும். கண்ணாடிக்கு வருவோம்.

தாராளமாகப் போடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் மெல்லிய சூட்டுத் தகடு ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். பெரும்பாலான வண்டிகளில் பின்பக்க ஜன்னல் கண்ணாடிக்கும் இதற்கும் ஒரே பொத்தான். என்ஜின் ஓடும்போதுதான் வேலை செய்யும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாகவே அணைந்துவிடும். பேட்டரியைப் பற்றிக் கவலை வேண்டாம். மழை வலுத்த பிறகு தேடாமல், தூற ஆரம்பித்ததுமே அழுத்துங்கள். சூடேற ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும்.

ஆனால் கொட்டுகிற மழையில் அதிசயம் நடக்காது. ஒரு சொட்டு காய்வதற்குள் பத்துச் சொட்டு விழும். தூறலிலும், மழை விட்ட பிறகும், விடியற்காலைப் பனி ஈரத்திலும்தான் அதன் அருமை தெரியும்.

இன்னொன்று, இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. கண்ணாடி மங்கிவிட்டது என்று நாம் நினைக்கும்போது பாதி நேரம் மங்கியிருப்பது கதவு ஜன்னலின் கண்ணாடி. ஊர்ப்பழக்கத்தில் ஏசியை முழுசாக வைத்து, ஓரத்துக் காற்று வாயைக் கதவுப் பக்கம் திருப்பியிருப்போம். கதவுக் கண்ணாடி சில்லிட்டுப் போய், வெளியே இருக்கிற ஈரக்காற்று அதன்மேல் படிந்துவிடும், அதுவும் சரியாகப் பக்கக் கண்ணாடியைப் பார்க்கிற இடத்தில். நீங்கள் பொத்தானை அழுத்து அழுத்து என்று அழுத்தினாலும் அது போகாது. காற்று வாயைத் திருப்புங்கள், ஏசியை இரண்டு டிகிரி ஏற்றுங்கள். முன் கண்ணாடி வெளியே மங்கினால் வைப்பரை ஒரு தடவை ஓட்டினால் போதும்.

வாடகை வண்டியில் அந்தச் சூடு வேலை செய்கிறதா என்று மழையில்லாத ஒரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். போட்டுவிட்டு மூன்று நிமிடம் கழித்து இரண்டு பக்கமும் விரலை வையுங்கள், வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். எனக்கு ஒரு முறை வலது கண்ணாடி உடைந்து, மலிவாக இருக்கிறதே என்று ஒரு கடையில் மாற்றினேன். ஒரு மழைக்காலம் முழுக்க அந்தப் பக்கம் மட்டும் காயவே இல்லை. கழற்றிப் பார்த்தால் பின்னால் தகடே இல்லாத வெறும் கண்ணாடி. கண்ணாடிக்குப் போக வேண்டிய இரண்டு வயரும் உள்ளே சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

இங்கே மழை விளையாட்டில்லை. வருடத்துக்கு ஏறக்குறைய 2,100 மில்லிமீட்டர், சென்னைக்கு 1,400 பக்கம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் ‘சுமத்ரா’ ஒன்று வரும். மேற்கே சுமத்ரா தீவுப் பக்கம் கிளம்பிக் கடலைத் தாண்டி வருகிற காற்றுமழை, மேற்கு ஓரத்தில் இருக்கிற துவாஸ்தான் முதலில் நனையும். ஐடி வேலைக்கு வந்த சில தம்பிகள் அந்த மழையில் நான்கு விளக்கையும் சிமிட்டிக்கொண்டே ஓட்டுகிறார்கள். ஊரில் யார் இதைக் கற்றுக்கொடுத்தார்களோ! நான்கும் சிமிட்டினால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? முன்விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போனால் போதும்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து மலேசியாவின் ஜொகூரிலிருந்து மோட்டார்சைக்கிள்கள் சாரை சாரையாக வரும். இரண்டு தடத்துக்கு நடுவே நுழைந்து வருவார்கள், மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்குவதற்குத் திடீரென்று இடப்பக்கம் வெட்டுவார்கள். நனைந்த கண்ணாடியில் அவர்களுடைய விளக்கு நூறு பொட்டாகச் சிதறித் தெரியும். எது வண்டி, எது மழைத்துளி என்றே தெரியாது. அந்தப் பொத்தானைப் போடச் சொல்வது அவர்களுக்காகத்தான்.

நான் வந்தது 1997இல். உங்களைப்போல வாடகைக் காரில் இல்லை, லாரிக்குப் பின்னால். மேலே கூரை கிடையாது. நீலத் தார்ப்பாய் ஒன்றைப் பதினெட்டுப் பேர் தலைக்கு மேல் பிடித்துக்கொள்வோம். ஓரத்தில் இருப்பவன் தலையில் மொத்தத் தண்ணீரும் இறங்கும், புதிதாக வந்தவன்தான் ஓரத்தில். ஆறு மாதம் கழித்து முன்சீட்டுக்குப் பதவி உயர்வு. வேலை என்ன தெரியுமா? மழை வந்தால் ஜன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டி, இடப்பக்கக் கண்ணாடியைத் துண்டால் துடைப்பது. வலப்பக்கத்தை டிரைவர் அண்ணனே பார்த்துக்கொள்வார். புதுக்கோட்டைக்காரர். ஊரில் லாரி ஓட்டும்போது வைப்பர் வேலை செய்யாவிட்டால் புகையிலையை நனைத்துக் கண்ணாடியில் தேய்ப்பேன் என்பார்.

ஒரு நாள் இரவு வேலை முடிந்து ஆயர் ராஜா விரைவுச்சாலையில் வருகிறோம். நல்ல மழை. துண்டை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனேன். அண்ணன் இடது தடத்துக்கு ஒதுங்கியிருக்கிறார். டமாரென்று ஒரு சத்தம், விழித்துப் பார்த்தால் என் பக்கத்துக் கண்ணாடியைக் காணோம், ஒரு மோட்டார்சைக்கிள் தள்ளாடிக்கொண்டு முன்னால் போகிறது. நல்லவேளை, விழவில்லை. மேம்பாலத்துக்கு அடியில் நிறுத்தி இறங்கி வந்தார். மலேசியத் தமிழர். ஹெல்மெட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, “கண்ண எங்கடா வச்சிருக்கீங்க?” என்று கேட்டார். கை நடுங்கிக்கொண்டிருந்தது, அவருக்கும் எனக்கும்.

கண்ணாடிக் காசை அண்ணன் சம்பளத்தில் பிடித்தார்கள். பயல் தூங்கிவிட்டான் என்று அவர் கம்பெனியில் சொல்லவில்லை, என்னிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையில் பழைய துண்டுக்குப் பதிலாகப் புதுத் துண்டு ஒன்று முன்சீட்டில் கிடந்தது.

அப்புறம் நானும் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை கிளாஸ் 3 உரிமம் எடுத்து, இப்போது சரக்கு வேன் ஓட்டுகிறேன். அண்ணன் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். போன தீபாவளிக்குப் பேசும்போது இந்தப் பொத்தானைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “தானா காயுதா? அப்ப துடைக்கிற பயல் நிம்மதியா தூங்கலாம்னு சொல்லு” என்றார்.