குப்பை மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி, வெளிய என்ன வரும்னு கேளுங்க

வாசகர் கேள்வி: மேடவாக்கம் பக்கம் 120 வீடு இருக்கிற அபார்ட்மெண்ட், நான் அசோசியேஷன் செகரட்டரி. இனிமே ஈரக்குப்பையை நீங்களே பிராசஸ் பண்ணிக்கணும்னு சொல்லிட்டாங்க. மூணு வெண்டர் வந்துட்டுப் போனாங்க. ஒருத்தர் 24 மணி நேரத்துல உரமாக்குற மெஷின்ங்கிறார், இன்னொருத்தர் பயோகேஸ், மூணாவது ஆள் கரண்டே வேணாம் காந்தத்துலயே எல்லாக் குப்பையும் சாம்பலாயிடும்ங்கிறார். எது வாங்கலாம்?

மேடம், மூணாவது ஆளை முதல்ல அனுப்பிடுங்க. காந்தம்னு சொன்னாலும் அந்தப் பெட்டிக்குள்ள நடக்குறது குறைஞ்ச சூட்டுல குப்பை புகைஞ்சு எரியறதுதான், வேற ஒண்ணும் கிடையாது. பிளாஸ்டிக்கும் டயப்பரும் கலந்த குப்பையை அப்படி எரிச்சா டையாக்சின்ங்கிற நச்சுப்பொருள் புகையோட வரும், அதுவும் உங்க பிள்ளைங்க விளையாடுற இடத்துக்குப் பக்கத்துல. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள்லயே குப்பை எரிக்கிற உலையோட ரெண்டாவது அறையில 950 டிகிரி இருக்கணும், புகை அதுல குறைஞ்சது 2 செகண்ட் நிக்கணும்னு போட்டிருந்தாங்க. அந்த ஆள்கிட்ட இதுக்கு டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டுப் பாருங்க, அடுத்த போன் வராது.

எரிக்கிறதே தப்புன்னு நான் சொல்லல. பெரிய பிளாண்ட்ல, நல்ல ஃபில்டரோட, காஞ்ச குப்பையை எரிச்சா வேலை நடக்கும். ஆனா நம்ம ஊர் குப்பையில பாதிக்கு மேல சமையல் கழிவு, சொதசொதன்னு தண்ணி. 1987-ல டெல்லி திமார்பூர்ல டென்மார்க் டெக்னாலஜில ஒரு நாளைக்கு 300 டன் எரிக்கிற பிளாண்ட் போட்டாங்க, குப்பைக்கு எரியற சக்தியே பத்தாம ட்ரையல் ஓட்டுன கொஞ்ச நாள்லயே மூடிட்டாங்க. பிளாஸ்மா கேஸிஃபிகேஷன்னும், அதாவது பயங்கர சூட்டுல குப்பையை வாயுவாக்குறதுன்னும் யாராவது வந்து சொல்லுவாங்க, இங்கிலாந்துல டீஸ் வேலில ஏர் புராடக்ட்ஸ் கம்பெனி அவ்ளோ காசு கொட்டிக் கட்டிட்டு 2016-ல கைவிட்ட டெக்னாலஜி அது, அபார்ட்மெண்ட்டுக்கெல்லாம் பேச்சே வேணாம்.

இப்ப 24 மணி நேர மெஷின். இதுல ஒரு சின்ன கணக்கு போடலாம், ஏன்னா வெண்டர் போட மாட்டார். 100 கிலோ ஈரக்குப்பை போட்டா 20 கிலோ பவுடர் வருதுன்னு பெருமையா சொல்லுவாங்க, மீதி 80 கிலோ எங்க போச்சு? பெரும்பாலும் தண்ணி, ஆவியா போயிடுச்சு. 70 லிட்டர் தண்ணிய ஆவியாக்க எந்த மெஷினா இருந்தாலும் கிட்டத்தட்ட 50 யூனிட் சூடு வேணும், அது இயற்பியல், பிராண்டு மாத்துனா மாறாது. தினமும் இப்படி ஓடுனா மாசம் 1500 யூனிட், யூனிட் 8 ரூபாய்னு வெச்சாலும் 12,000 ரூபாய், வருஷ பராமரிப்பு கான்ட்ராக்ட் (ஏஎம்சி) தனி. சரி, வர்றது உரமாவது தானான்னா அதுவும் இல்ல, வறுத்துக் காயவெச்ச சாப்பாடு அவ்ளோதான். தொட்டியில போட்டு தண்ணி ஊத்துனீங்கன்னா ரெண்டு நாள்ல பூஞ்சை பிடிச்சு நாத்தம் வரும், செடி வேரும் வெந்துடும், அதனால அதை மறுபடி சில வாரம் மக்க வெக்கணும். எப்படியும் மக்க வெக்கப்போறோம்னா நடுவுல இந்த கரண்ட் பில் எதுக்கு?

பயோகேஸ்னா காத்து போகாத டேங்குல குப்பையை அழுக வெச்சு எரிவாயு எடுக்குறது. நல்ல டெக்னாலஜி, எனக்கு ரொம்பப் பிடிச்சதும் அதான். இந்தூர்ல 2022 பிப்ரவரியில தொடங்குன பிளாண்ட் ஒரு நாளைக்கு 550 டன் ஈரக்குப்பை எடுத்து 17,000 கிலோ சிஎன்ஜி எடுக்குற மாதிரி கட்டுனது, சிட்டி பஸ்ஸுக்குப் போகுது. ஆனா அங்க வேலை நடக்குறதுக்கு காரணம் மெஷின் மட்டும் இல்ல, அந்த ஊர்ல வீட்டு வாசல்லயே குப்பை பிரிஞ்சு வருது. உங்க அளவுக்கு வந்தா 100 கிலோவுக்கு 8-லேர்ந்து 10 கன மீட்டர் கேஸ் வரும், 4 கிலோ எல்பிஜிக்கு சமம்னு வெச்சுக்கோங்க, மூணு நாலு நாளைக்கு ஒரு சிலிண்டர். 120 வீட்டுக்கு இதைப் பிரிச்சுக் குடுக்க முடியாது, கிளப் ஹவுஸ்லயோ ஸ்டாஃப் மெஸ்லயோ தினமும் அடுப்பு எரியற ஒரு கிச்சன் இருந்தாத்தான் பிரயோஜனம். இன்னொன்னு யாரும் சொல்றதில்ல, குப்பையோட அதே அளவு தண்ணி கலந்து ஊத்துறோம் இல்லையா, அப்ப தினமும் கிட்டத்தட்ட 200 லிட்டர் ஸ்லரி, அதாவது கூழ் மாதிரி கழிவுத்தண்ணி வெளிய வரும். தோட்டம் பெருசா இருந்தா ஓகே, இல்லன்னா எல்லாரும் ராத்திரியோட ராத்திரியா எஸ்டிபிக்குள்ள (கழிவுநீர் சுத்திகரிக்கிற பிளாண்ட்) விட்டுடறாங்க, அப்புறம் எஸ்டிபி நாறுதுன்னு தனியா ஒரு மீட்டிங். எலுமிச்சைத் தோல், புளிச்ச மாவெல்லாம் அதிகமா போனா உள்ள புளிப்பு ஏறி கேஸும் நின்னுடும்.

அதனால உங்களுக்கு நான் சொல்றது குப்பையை அரைக்கிற ஷ்ரெடரும் சாதாரண காத்தோட்டமான கம்போஸ்ட் தொட்டிகளும். கேக்க டெக்னாலஜி மாதிரியே இல்லன்னு கமிட்டியில சிலர் முகம் சுளிப்பாங்க, பரவால்ல. ஈரக்குப்பையை அரைச்சு, அதோட காஞ்ச இலை இல்லன்னா தேங்காய் நார்த்தூள் கலந்து, பழைய கம்போஸ்ட் ஒரு கை தூவி, வாரத்துக்கு ரெண்டு தடவை கிளறி விட்டா குவியல் தானாவே 55-லேர்ந்து 65 டிகிரி வரைக்கும் சூடாகும், கிருமி செத்துடும், 40, 45 நாள்ல கருப்பா மண்வாசனையோட உரம் ரெடி. நாத்தம் வந்தா இலை பத்தலன்னு அர்த்தம், 10-ல 9 தடவை அதான் காரணம். உங்க ஹவுஸ்கீப்பிங் ஆளுங்க தினமும் கூட்டித்தள்ற இலையை வெளிய அனுப்பாம சேத்து வையுங்க. இடம் ரெண்டு கார் பார்க்கிங் அளவு போதும். வர்ற உரம் ஒரு நாள் குப்பைக்கு 20, 25 கிலோ, அதை யார் எடுத்துப்பாங்கன்னு இப்பவே பேசி வெச்சுக்கோங்க, மாடித்தோட்டம் போடுறவங்க, பக்கத்து நர்சரி.

இவ்ளோ எதுக்குன்னு கேப்பாங்க, அவங்கள ஒரு தடவை பெருங்குடி பக்கம் கூட்டிட்டுப் போங்க. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல 200 ஏக்கருக்கு மேல கொட்டுன பழைய குப்பையை பயோமைனிங்னு தோண்டி, சலிச்சு, மண்ணைத் தனியா பிளாஸ்டிக்கைத் தனியா பிரிக்க வேண்டி வந்துச்சு. அந்த மாதிரி பிளாஸ்டிக் அரியலூர் பக்கம் சிமெண்ட் சூளைக்குப் போகுது, அங்க 1400 டிகிரிக்கு மேல இருக்கிறதால பயமில்லாம எரியும். உங்க சிப்ஸ் பாக்கெட், ஷாம்பூ சாஷேக்கும் அதுதான் சரியான வழி, ஆனா சாம்பார் ஒட்டாம காஞ்சு இருந்தாத்தான் எடுப்பாங்க. நாப்கின், டயப்பரை பேப்பர்ல சுத்தி தனியா குடுங்க, கம்போஸ்ட்ல கலந்தா மொத்தமும் போச்சு.

காசு குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வாரம் ஈரக்குப்பையை தினமும் எடை போடுங்க, ஞாயித்துக்கிழமையை விட்டுடாதீங்க, அன்னிக்குத்தான் கறி எலும்பெல்லாம் சேந்து ஏறும். விதிப்படி தினமும் 100 கிலோ தாண்டுனா நீங்க மொத்தமா குப்பை உண்டாக்குறவங்க கணக்குல வருவீங்க, அதனால அந்த நம்பரை எழுதி ஃபைல்ல வையுங்க. எந்த வெண்டரா இருந்தாலும் ஒரு வருஷத்துக்கு மேல மெஷின் ஓடுற வேற அபார்ட்மெண்ட்டை காட்டச் சொல்லுங்க, போறப்ப செகரட்டரியை விட்டுட்டு அதை ஓட்டுற ஆள்கிட்ட பேசுங்க. தொட்டிக்கு மேல ஷெட்டும் தரையில சரிவும் கண்டிப்பா வேணும், ஐப்பசி மழை தொடங்குறதுக்குள்ள அந்த வேலையை முடிச்சிடுங்க.