அட்டையும் பகடையும் படிப்பா?

பொது சுகாதாரம் படிக்க அனுப்பிய மகள், பாடத்தைக் கற்பிக்கும் விளையாட்டு ஒன்றைச் செய்வதாக அட்டை வெட்டிக்கொண்டிருக்கிறாள், இதற்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தீர்கள். சம்பந்தம் உண்டு. ஆனால் அவள் குழு எப்படிப்பட்ட விளையாட்டைச் செய்கிறது என்று முதலில் பாருங்கள்.

பாம்பு-ஏணிப் பலகையில் கேள்வி அட்டைகளைச் சொருகி, சரியான விடைக்கு இரண்டு கட்டம் என்று வைத்தால், அது வேஷம் போட்ட தேர்வுதான். அந்தக் கேள்விகளை எடுத்துவிட்டு வேறு பாடத்துக் கேள்விகளை வைத்தாலும் ஆட்டம் அப்படியே ஓடுகிறதா? அப்படியானால் பாடம் அதற்குள் இல்லை.

பாடம் விதியில் இருக்க வேண்டும். தொற்றுநோய் விளையாட்டில் நோயாளி ஒரு சுற்றில் 3 பேரைச் சந்தித்து, சுற்று முடிந்ததும் குணமாகிறார் என்று வைப்போம். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு பகடை. 5 அல்லது 6 விழுந்தால் தொற்று. சராசரியாக ஒருவரிடமிருந்து ஒருவருக்கு, அவ்வளவுதான். 4 விழுந்தாலும் தொற்று என்று ஒரே ஒரு எண்ணைச் சேர்த்தால் சராசரி 1.5 ஆகிறது; ஐந்தாம் சுற்றில் ஒரு நோயாளி இருந்த இடத்தில் ஏழெட்டுப் பேர். சூத்திரமாக மனப்பாடம் செய்த பரவல் எண், அதாவது ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைப் பரப்புகிறார் என்ற கணக்கு, இப்போது கைக்குள் இருக்கிறது.

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். முதல் விதிப்படி ஒரே நோயாளியோடு தொடங்கினால், முதல் சுற்றிலேயே நோய் அணைந்துபோக 27-இல் 8 வாய்ப்பு. ஆட்டம் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். நாலைந்து நோயாளிகளோடு தொடங்க வேண்டும். ஏன் என்று அவளாகவே கண்டுபிடித்தால், ஒரு பாட வேளை லாபம்.

முதல் வடிவத்துக்கு வெள்ளை அட்டையும் பென்சிலும் போதும். படம் வரைந்து அச்சடித்துவிட்டால் மாற்ற மனசு வராது. ஆட்டம் 20 நிமிடத்துக்குள் முடியட்டும். குழுவில் இல்லாத நால்வரிடம் விதித்தாளை மட்டும் கொடுத்து ஆடவிட வேண்டும். வாய் திறந்து விளக்கக் கூடாது (இது படு கஷ்டம்). எங்கே தயங்கினார்கள் என்று குறித்து, ஒரு தடவைக்கு ஒரு விதியை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

இனி வேலை விஷயம். விளையாட்டு நிறுவனங்களை மட்டும் கணக்கில் வைக்காதீர்கள். பயிற்சி வடிவமைப்பு, பயனர் ஆய்வு, சுகாதார விழிப்புணர்வுப் பணி எல்லாவற்றிலும் இதே திறன்தான் வேண்டும். நேர்காணலில் பளபளப்பான பெட்டியைக் காட்டுவதைவிட, விதித்தாளின் மூன்று வடிவங்களையும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழுதிய காரணத்தையும் காட்டுவது எடுபடும். கசங்கிய முதல் தாளைக் குப்பையில் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.