சிறு பிள்ளைகளுடன் ஆகஸ்டில் யாழ்ப்பாணம் வருகிறோம். வெயிலில் வெளியே போக முடியுமா?

நான்கு வயது மகனுடனும் எட்டு வயது மகளுடனும் கனடாவிலிருந்து வந்து ஆகஸ்ட் முழுவதும் யாழ்ப்பாணத்தில் நிற்கப் போவதாகவும், வெயிலுக்குப் பயந்து பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டி வருமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே ஊரில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாக வெளியே போகலாம். ஆனால் காலை ஒன்பது மணி தொடக்கம் பின்னேரம் நான்கு மணி வரையான நேரத்தை வெயிலுக்கே விட்டுவிட வேண்டும்; ஒரு நாளைக்கு ஓர் இடத்துக்கு மேல் போகக்கூடாது. "வெயில் ஏற முதல் போட்டு வாங்கோ" என்று என் அம்மம்மா சொல்லிச் சொல்லி அலுத்த விடயம்தான் இது.

நான் இதைப் பட்டுத்தான் அறிந்தேன். சில வருடங்களுக்கு முன்னர் வெளிநாட்டிலிருந்து வந்திருந்த உறவினர்களுக்கு ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டுமென்ற அவசரத்தில், காலை பதினொரு மணிக்குக் கோட்டை மதிலின் மேல் ஏறினோம். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்த ஒல்லாந்தர் பின்னர் ஐங்கோணமாகக் கட்டிய அந்தக் கோட்டையில், மதிலின் மேல் நிழல் என்பது மருந்துக்கும் இல்லை; கல்லோ தோசைக்கல்லாகக் கொதித்துக் கொண்டிருந்தது. அப்போது ஐந்து வயதாக இருந்த என் மகன் அதுவரை ஓடித் திரிந்தவன், திடீரென்று பேச்சில்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினான். களைத்துவிட்டான் என்று நினைத்தேன். பத்து நிமிடம் கழித்து, "அம்மா, தலை இடிக்குது" என்றான், உடனேயே வாந்தி. கீழே இறக்கி, மரநிழலொன்றில் இருத்தி, சட்டையைக் கழற்றி, நனைத்த துவாயால் கழுத்தையும் கக்கத்தையும் ஒற்றி, சிறிது சிறிதாகத் தண்ணீர் பருக்கிய பிறகுதான் பிள்ளை தெளிந்தான். ஓடியாடும் பிள்ளை காரணமில்லாமல் அமைதியாகிவிட்டால், அதுவே முதல் அறிகுறி என்று அன்றிலிருந்து வைத்திருக்கிறேன். நிழலுக்கு வந்தும் தெளியாமல் பிதற்றினாலோ, மயங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நீங்கள் காண்டாவனம் என்ற வைகாசி மாதக் கடும் வெயில் காலத்தில் வராமல் ஆகஸ்டில் வருவது ஒரு வகையில் நல்லது. வைகாசி வெக்கையில் காற்றசைவு இல்லாமல் வியர்வை உடம்பிலேயே நிற்கும். ஆகஸ்டில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுவதால் அவ்வளவு புழுங்காது. ஆனால் அந்தக் காற்றுக்கு ஒரு கள்ளத்தனம் உண்டு. வியர்வை வந்த கையோடு காய்ந்துவிடுவதால், உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போகிறது என்பது பிள்ளைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆகவே தாகம் என்று கேட்கும்வரை காத்திராமல், அரை மணிக்கு ஒரு தடவையாவது இரண்டு மிடறு குடிக்கக் கொடுங்கள். உப்பும் சீனியும் சேர்த்த தேசிக்காய்த் தண்ணீர் எங்கள் வீட்டுப் பழக்கம். பையில் ஒரு பக்கற் ஜீவனியும் (உடம்பில் நீர் குறைந்தால் கரைத்துக் கொடுக்கும் உப்புச் சீனித் தூள்) கிடக்கட்டும். தேவைப்பட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். படம் எடுப்பதற்கென்று வாங்கும் பட்டுப் பாவாடையைக் கோயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விடியற்காலைக்குக் கீரிமலையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கேணிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் உப்புக் கடல் இரைகிறது, இந்தப் பக்கம் ஊற்று நீர் குளிர்ந்து கிடக்கிறது. வருடம் முழுவதும் ஓடும் ஆறே இல்லாத எங்கள் குடாநாட்டில், மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிலத்தடியாக வந்து கடலோரத்தில் ஊறுகிறது என்று உங்கள் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், அவள் இரண்டு பக்கத்து நீரையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் விடமாட்டாள். ஆறரை மணிக்கு அங்கே நின்றால் எட்டரைக்குத் திரும்பிவிடலாம். படிகளில் பாசி வழுக்கும். சின்னவனின் கையை விடாதீர்கள். ஆடி அமாவாசையன்று மட்டும் அந்தப் பக்கம் போகவேண்டாம், சனத்தில் பிள்ளைகளுக்குக் கால் வைக்க இடம் இராது.

பின்னேரத்துக்குக் காரைநகர் கசூரினா கடற்கரை. வடக்குப் பார்த்த கரை என்பதால் சோளகக் காலத்தில் அலை குறைவு. வெகுதூரம் நடந்தாலும் ஆழம் கூடாது, ஆனாலும் பெரியவர் ஒருவர் பிள்ளைகளோடு தண்ணீருக்குள் நிற்க வேண்டும். நான்கரை மணிக்குப் போய், சவுக்கு நிழலில் இருந்து வீட்டிலிருந்து கொண்டுபோனதைச் சாப்பிட்டு, ஐந்து மணிக்கு மேல் இறக்கினால் பொழுது படும்வரை விளையாடலாம். நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்க ஆசையாக இருக்கும். நான்கு வயதுப் பிள்ளையோடு வேண்டாம் என்பேன். படகில் போய் வரவே பாதி நாள் போய்விடும், தீவிலும் நிழலில்லாத வெட்டைதான் அதிகம்.

நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் பெரும்பாலும் ஆகஸ்டை ஒட்டியே வரும். பின்னேரத் திருவிழாவுக்குக் கூட்டிப்போங்கள். வெறுங்காலோடு மணலில் நடப்பதையே பிள்ளைகள் விளையாட்டாக்கிக் கொள்வார்கள். மத்தியானத்தில் அதே மணல் காலைப் பொசுக்கும்.

நடுப்பகலில் வெளியே வரச் சொல்லக்கூடிய ஒரேயொரு காரியம் இருக்கிறது. ஆகஸ்ட் 28ஆம் திகதியளவில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கும். அன்று 12 மணி 10 நிமிடமளவில் முற்றத்தில் ஒரு தடியைச் செங்குத்தாக ஊன்றிப் பாருங்கள், அதற்கு நிழல் இராது. சென்ற முறை என் மகள் தன் காலடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ரை நிழலை ஆர் எடுத்தது?" என்று கேட்டாள். ஐந்து நிமிடம் போதும். தொப்பியை மறக்காமல் போட்டுவிடுங்கள், பார்த்து முடிந்ததும் உள்ளே கூட்டி வந்துவிடுங்கள்.