கெபாயா யாருடைய உடை?

கேள்வி: பள்ளியின் பல்லின விழாவுக்கு என் மகள் கெபாயா என்னும் முன்திறப்பு மேற்சட்டையை அணிந்து போக ஆசைப்படுகிறாள். “அது மலாய்க்காரர் உடை, தமிழ்ப் பிள்ளை புடவைதான் கட்ட வேண்டும்” என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, கிள்ளான்

பதில்: தாராளமாக அணியட்டும் அம்மா. தடுக்கிற உறவினர்களை ஒரு முறை மலாக்காவின் காஜா பெராங்கில் உள்ள செட்டி கிராமத்துக்கு அழைத்துப் போங்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்து, உள்ளூரில் பெண்ணெடுத்துத் தங்கிவிட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் அங்கே இருக்கிறார்கள். பேச்சு மலாய் ஆகிவிட்டது, தெய்வம் மாறவில்லை. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் அவர்களுடையதுதான். போகியும் பொங்கலும் விடாமல் கொண்டாடுகிறார்கள். அந்தச் சமூகத்துப் பெண்களின் மரபு உடை எது தெரியுமா? சாரோங் என்னும் கைலியும் கெபாயாவும். அவர்களைத் தமிழ் வேர் இல்லாதவர்கள் என்று சொல்லும் துணிவு உங்கள் உறவினர்களுக்கு உண்டா?

மலாய்க்காரர்களும் கெபாயாவைத் தங்களுக்கு மட்டும் என்று பூட்டி வைக்கவில்லை. மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் சேர்ந்து விண்ணப்பித்துத்தான் 2024 டிசம்பரில் அது யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. மெல்லிய துணியில் பூவேலை செய்து, துளையிட்டுத் தைத்து, பொத்தானுக்குப் பதில் கெரோங்சாங் என்னும் மூன்று ஊசிப்பதக்கங்களால் பூட்டுகிற அழகைக் கொடுத்தவர்கள் பெரானாக்கான் சீனர், அதாவது இங்கேயே வேர்விட்டு உள்ளூர் வழக்கங்களை ஏற்ற சீனர் வீட்டுப் பெண்களான நோன்யாக்கள்.

எனக்குக் கோபம் உங்கள் உறவினர்கள் மேல் அதிகம் இல்லை. பள்ளிச் சுவர்களில் தொங்கும் அந்தப் படத்தின் மேல்தான். பாஜூ கூரோங்கில் ஒரு மலாய்ப் பெண், சியோங்சாமில் ஒரு சீனப் பெண், புடவையில் ஓர் இந்தியப் பெண். இனத்துக்கு ஓர் உடை என்று கணக்கு முடிந்துவிடுகிறது. சியோங்சாம் இன்றைய வடிவத்தைப் பெற்றது 1920களின் ஷாங்காயில். நாம் புடவைக்குள் உடுத்தும் பாவாடையும் மேலே போடும் ரவிக்கையும்கூடப் பழங்காலத்திலிருந்து அப்படியே வந்தவை அல்ல. தோட்டத்தில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போன நம் பாட்டிமார் கைலியும் பழைய சட்டையும் போட்டுக்கொண்டுதான் போனார்கள். மெழுகிட்டுச் சாயமேற்றிய பாத்தேக் சாரோங்கில் தொட்டில் கட்டித்தான் பிள்ளைகளைத் தாலாட்டினார்கள். துணி அந்தப் பக்கமும் போயிருக்கிறது. மலாய் ஆண்கள் தொழுகைக்கும் வீட்டுக்கும் உடுத்தும் கட்டம் போட்ட சாரோங்குக்குப் பெயர் காயின் பெலிக்காட். பெலிக்காட் என்பது சென்னைக்கு வடக்கே இருக்கும் நம் பழவேற்காடு. அந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய துணி ஊர்ப்பெயரோடு போய் இறங்கியது.

ஆனால் “எதையும் யாரும் எப்படியும் உடுத்தலாமா?” என்று கேட்டால், இல்லை என்பேன். சரவாக்கின் பூர்வகுடிகளான ஈபான் பெண்கள் நெய்யும் புவா கும்பு என்னும் துணி இருக்கிறது. நம் நுணாவின் இனமான எங்குடு மரத்து வேரிலிருந்து அதற்குச் சிவப்புச் சாயம் எடுக்கிறார்கள். நூலைச் சாயம் ஏற்கும்படி பக்குவப்படுத்துவதை ஒரு சடங்காகவே செய்கிறார்கள்; அதைப் பெண்களின் போர் என்றே அழைப்பது ஈபான் வழக்கம். கனவில் கண்ட உருவங்களைத் தறியில் ஏற்றுவார்கள். பிறப்பிலும் இறப்பிலும் சடங்குகளிலும் அந்தத் துணிக்கு இடம் உண்டு. அப்படிப்பட்ட துணியை விழாவுக்காக வெட்டித் தைத்து, மாலையில் கழற்றி எறிவது எனக்குச் சம்மதமில்லை. அதை நெய்த மக்களோ படிவங்களில் நெடுங்காலம் ‘மற்றவர்’ என்ற கட்டத்தில் கிடந்தார்கள். பள்ளிச் சுவரில் அவர்களுக்கு ஒரு படம்கூட இருப்பது அரிது.

உங்கள் மகள் வெறும் வேடமாகப் போட வேண்டாம். கெரோங்சாங்கைத் தானே பூட்டப் பழகட்டும். “நீ ஏன் புடவை கட்டவில்லை?” என்று ஆசிரியர் கேட்டால், செட்டி கிராமத்தைப் பற்றி அவளே சொல்லட்டும். அந்தப் பெயரை அந்த வகுப்பில் பலரும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்பார்கள்.